'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம்? பண்பாட்டு நுண்ணறிவு பற்றி ஓர் எளிய அறிமுகம்

புடவைக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அடுக்கில் இருந்ததையெல்லாம் பிரித்துப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, எழுந்திருக்கும்போது "பிடிக்கலை" என்று யாராவது முகத்துக்கு நேராகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "வீட்ல கேட்டுட்டு வரேங்க" என்போம். திரும்பி வரமாட்டோம் என்று கடைக்காரருக்கும் தெரியும். அவரும் "வாங்கம்மா" என்று சிரித்தபடி புடவைகளை மடிக்க ஆரம்பித்துவிடுவார். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "ஜாதகம் சரியா அமையலைன்னு ஜோசியர் சொல்றார்" என்று தகவல் அனுப்புவார்கள். ஜாதகம் பொருந்தியதால்தானே வீட்டுக்கே வந்தார்கள் என்பது இரண்டு தரப்புக்கும் நினைவிருக்கும், ஆனாலும் யாரும் அதைக் கிளறமாட்டார்கள். கைமாற்று கேட்டவரிடம் "பாக்கலாம்" என்று சொன்னால் அவர் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார்.

இதில் எதையும் நாம் பொய் என்று நினைப்பதில்லை. சொல்பவர் கையிலும் கேட்பவர் கையிலும் ஒரே அகராதி இருக்கிறது, அவ்வளவுதான். அகராதி மாறும்போதுதான் வம்பு.

எனக்கு அது புரிந்தது ஒரு ஃபோன் காலில். சில வருடங்களுக்கு முன் சென்னையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், நெதர்லாந்தில் இருந்த ஒரு கிளையண்டுக்காக மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். வாராந்தரக் காலில் அந்த ஊர் மேனேஜர் கேட்டார், "இது அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" எங்கள் டீம் லீட் ஒரு நொடி நிறுத்தி, "ஓகே, முயற்சி செய்கிறோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அறையில் இருந்த ஆறு பேருக்கும், போன மாதம் சேர்ந்த பையன் உட்பட, அதன் பொருள் தெளிவாகத் தெரிந்தது: முடியாது. அந்த ஒரு நொடி நிறுத்தம் போதாதா என்ன? ஆனால் மறுமுனையில் இருந்தவர் 'வெள்ளி, உறுதி' என்று எழுதிக்கொண்டு அவருடைய மேலதிகாரிக்கும் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வந்தது, வேலை முடியவில்லை. "முடியாது என்றால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை, ஏன் பொய் சொன்னீர்கள்?" என்று எல்லோர் காதும் கேட்கக் கேட்டார். எங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொய்யா, எங்கே சொன்னோம், முயற்சி செய்கிறோம் என்றுதானே சொன்னோம்? அவருக்கு நாங்கள் பொய்யர்கள், எங்களுக்கு அவர் மரியாதை தெரியாத ஆள். இரண்டு பக்கமும் நல்லவர்கள், இரண்டு பக்கமும் வேலை தெரிந்தவர்கள், எல்லோரும் பேசியது ஆங்கிலம். ஆனாலும் அந்த உறவு ஒட்ட மாசக்கணக்காச்சு.

இந்த இடைவெளியைக் கண்டுபிடித்துச் சமாளிக்கிற திறமைக்குத்தான் 'கல்ச்சுரல் இன்டெலிஜென்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் பண்பாட்டு நுண்ணறிவு எனலாம். ஐ.க்யூ. மாதிரி இதையும் சுருக்கி சி.க்யூ. என்பார்கள். பெயர் கொஞ்சம் கனமாக இருக்கிறது. எளிதாகச் சொன்னால், நம் பழக்கவழக்கம் இல்லாத மனிதர்களோடு சேர்ந்து வேலை செய்யும்போது, நடப்பதை நம் அகராதியில் மட்டும் படிக்காமல் இருக்கிற திறமை.

இதை முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர். 1950களில் வெளிநாட்டுக்குப் போகும் அமெரிக்க அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். சில சமூகங்களில் செய்தி முழுவதும் வார்த்தையிலேயே இருக்கும், வேறு சில சமூகங்களில் வார்த்தை பாதிதான், மீதி சூழ்நிலையில் இருக்கும், யார் சொன்னார், யார் முன்னால் சொன்னார், எவ்வளவு தயங்கிச் சொன்னார் என்பதில் இருக்கும் என்றார் அவர். 1976ல் வந்த புத்தகத்தில் இதை விரிவாகப் பேசினார். ஜப்பானை இரண்டாவது வகைக்கும், ஜெர்மானியர்களையும் ஸ்காண்டிநேவியர்களையும் முதல் வகைக்கும் உதாரணமாகக் காட்டுவார்கள். நாம் எந்தப் பக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை, புடவைக் கடையே சொல்லிவிட்டது.

இது மறுப்புக்கு மட்டும் இல்லை, சம்மதத்துக்கும் உண்டு. நம் வீட்டுக்கு வந்தவரிடம் "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் முதல் பதில் "இல்ல, வேண்டாம், இப்பதான் குடிச்சேன்". அது கணக்கில் வராது. இரண்டாவது தடவை கேட்க வேண்டும். மூன்றாவது தடவை கேட்காமலேயே கொண்டுவந்து வைக்க வேண்டும். நான் வேலை விஷயமாக முதல் முறை நெதர்லாந்து போனபோது, அந்த மேனேஜர் வீட்டில் காபி வேண்டுமா என்று கேட்டார்கள். "வேண்டாம்" என்றேன். சரி என்று சொல்லிவிட்டு அவர்கள் குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். குளிர், விமானப் பயணக் களைப்பு, எதிரே ஆவி பறக்கும் காபி, எனக்கு இல்லை. அவர்கள் என் வார்த்தையை மதித்தார்கள், நான்தான் அவமானப்பட்டேன்!

சிரிப்பாக இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் இது சிரிப்பாக முடிவதில்லை. 1990 ஜனவரி 25. கொலம்பியாவின் அவியாங்கா நிறுவனத்தின் 52ஆம் எண் விமானம், ஒரு போயிங் 707, நியூயார்க்கில் இறங்க வந்தது. மோசமான வானிலை. தரையிறங்க அனுமதி கிடைக்காமல் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானத்தில் வட்டமடிக்க வைத்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தது. விமானிகள் 'பிரையாரிட்டி', அதாவது முன்னுரிமை, வேண்டும் என்று கேட்டார்கள், 'எமர்ஜென்சி' என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. முதல் தடவை இறங்க முயன்று முடியாமல் மேலே எழும்பிய பிறகு, அவசரநிலை என்று சொல்லும்படி கேப்டன் துணை விமானியிடம் சொன்னது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. துணை விமானியோ, மறுபடி முயற்சி செய்கிறோம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று ஒரு தகவல் போல மட்டும் சொன்னார். தரையில் இருந்த கட்டுப்பாட்டாளர்களுக்கு, இறங்கப்போகும் எந்த விமானத்திலும் எரிபொருள் குறைவாகத்தானே இருக்கும். கொஞ்ச நேரத்தில் இன்ஜின்கள் நின்றுபோய் விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. உள்ளே இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

இதை 'பண்பாட்டால் விழுந்த விமானம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எரிபொருளை விமானிகள் சரியாகக் கையாளாததையும், அவசரநிலையைத் தெளிவாக அறிவிக்காததையும் விசாரணை அறிக்கை காரணமாகச் சொன்னது உண்மை. கூடவே, விமானங்களின் வரத்தைத் திட்டமிட்டதில் இருந்த குறையையும், எரிபொருள் நெருக்கடியைச் சொல்ல எல்லோருக்கும் பொதுவான சொற்கள் இல்லாததையும் அதே அறிக்கை சுட்டிக்காட்டியது. நமக்கு வேண்டியது அந்தக் கடைசி விஷயம்தான். ஒரு வார்த்தை ஒரு முனையில் அலறலாகவும் மறு முனையில் சாதாரணத் தகவலாகவும் கேட்க முடியும், இரண்டு முனையில் இருப்பவர்களுக்கும் அது தெரியவே தெரியாது.

சரி, சி.க்யூ.வுக்கு வருவோம். கிறிஸ்டோபர் எர்லி, சூன் ஆங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003ல் எழுதிய புத்தகத்தில்தான் இந்தப் பெயர் நிலைபெற்றது. சூன் ஆங் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2000 பிறந்ததும் கணினிகள் தேதியைத் தப்பாகப் படித்துக் குழம்பிவிடும் என்ற ஒய்-டூ-கே பயத்தில் உலகமே கணினி நிரல்களைத் திருத்திக்கொண்டிருந்த 1990களின் கடைசியில், பல நாட்டு புரோகிராமர்கள் சிங்கப்பூரில் ஒன்றாக வேலை செய்ததையும், தனித்தனியாகக் கெட்டிக்காரர்களான அவர்கள் சேர்ந்து வேலை செய்யத் திணறியதையும் பார்த்ததுதான் அவரை இந்தப் பக்கம் இழுத்தது.

அவர்கள் இதை நாலாகப் பிரிக்கிறார்கள். மற்றவரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற விருப்பம், அவர்களைப் பற்றிய தகவல் அறிவு, பேசிக்கொண்டிருக்கும்போதே 'நான் என்ன ஊகித்துக்கொண்டிருக்கிறேன்' என்று தன்னையே கவனிப்பது, கடைசியாக அதற்கேற்ப நம் பேச்சையும் நடத்தையையும் மாற்றிக்கொள்வது. விருப்பம் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் வீண், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து படிப்பது இரண்டாவதை: ஜப்பானியரிடம் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடு, அரபு நாட்டில் இடது கையால் எதையும் நீட்டாதே, பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் 'இல்லை' என்று அர்த்தம். இந்தப் பட்டியல்கள் பயனுள்ளவைதான், ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் படித்த கோனார் நோட்ஸ் போல, கேள்வி கொஞ்சம் மாறிவிட்டால் கை கொடுக்காது. எனக்குப் பெரிதாகப் படுவது மூன்றாவது. அதில் முதலில் கண்ணில் படுவது எதிராளி இல்லை, நாம். நம்முடைய 'சாதாரணம்' வெளியில் இருந்து பார்த்தால் எவ்வளவு விசித்திரம் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உதாரணத்துக்கு மரியாதையை எடுத்துக்கொள்ளுங்கள். கெயர்ட் ஹாஃப்ஸ்டீட் என்ற நெதர்லாந்துக்காரர், 1967 முதல் 1973 வரை பல நாடுகளில் இருந்த ஐ.பி.எம். ஊழியர்களிடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கும் அதிகமான கேள்வித்தாள்களை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். அதில் ஒன்று 'அதிகார இடைவெளி', அதாவது மேலே இருப்பவர் மேலேயும் கீழே இருப்பவர் கீழேயும் இருப்பதை மக்கள் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது. இந்தியாவுக்கு 77, நெதர்லாந்துக்கு 38, ஆஸ்திரியாவுக்கு வெறும் 11. எங்கள் ஃபோன் கால் கதையில் பாதி அந்த 77க்கும் 38க்கும் நடுவில் இருக்கிறது. மேலே இருப்பவர் கேட்கும்போது 'முடியாது' என்ற சொல் எங்கள் வாயில் வராது. அவருக்கோ, கீழே இருப்பவர் 'முடியாது' என்று சொல்வதுதான் வேலையில் நேர்மை.

ஆனால் இந்த எண்களை ரொம்பவும் நம்பாதீர்கள். அவை ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் அரை நூற்றாண்டுக்கு முன் எடுத்தவை, அதுவும் நாட்டுக்கு ஒரு சராசரி. தேனிக்கும் குர்காவுனுக்கும் நாகாலாந்துக்கும் சேர்த்து ஒரே 77 என்றால் சிரிப்பு வராதா? பண்பாடு அப்படியே உறைந்து நிற்பதும் இல்லை. ஸ்வீடனில் ஒரு காலத்தில் ஒருவரை 'நீ' என்று அழைக்க முடியாமல், நேரில் பேசும்போதே "டாக்டருக்கு என்ன வேண்டும்?" என்கிற மாதிரி பட்டத்தைச் சொல்லிச் சுற்றி வளைப்பார்கள். 1967ல் அங்கே மருத்துவ வாரியத்தின் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செட், இனி எல்லோரையும் நான் 'நீ' என்றே அழைப்பேன் என்று அறிவித்தார். ஏற்கனவே பரவிக்கொண்டிருந்த மாற்றத்துக்கு அவர் முகமாகிவிட்டார். கொஞ்ச காலத்திலேயே நாடே 'நீ'க்கு மாறிவிட்டது. நம் ஐ.டி. அலுவலகங்களில் இன்னும் அது நடந்தபாடில்லை. மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று விதி இருக்கிறது. பெயர் சொல்லவும் வாய் வராமல், 'சார்' சொல்லவும் முடியாமல், கூப்பிடவே செய்யாமல் அவர் இருக்கை வரை நடந்துபோய் அவர் நிமிர்ந்து பார்க்கிற வரை நிற்கிற எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன், நானும் நின்றிருக்கிறேன்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கிளையண்ட் இருப்பவர்களுக்கான சமாசாரம் என்று நினைத்தால், ஒரு நடை திருப்பூர் போய்ப் பாருங்கள். பனியன் கம்பெனிகளில் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் என்று எல்லா இடத்திலிருந்தும் வந்து தைக்கிறார்கள், செக்கிங் செய்கிறார்கள், அயர்ன் போடுகிறார்கள். நாம் எல்லோரையும் சேர்த்து ஒரே வார்த்தையில் 'இந்திக்காரங்க' என்கிறோம். ஒடிசாக்காரருக்குத் தாய்மொழி ஒடியா, நமக்குத் தமிழ் போல. ஜார்க்கண்டிலிருந்து வந்தவருக்கு அது சந்தாலி என்ற பழங்குடி மொழியாகக்கூட இருக்கலாம். வடக்கு என்றால் சப்பாத்திதான் என்று முடிவு செய்து மெஸ்ஸில் மூன்று வேளையும் சப்பாத்தி போட்டால், பாவம் ஒடிசாக்காரர் சோறு தேடுவார். நீரூற்றிப் புளிக்க வைத்த சோற்றை அவர்கள் பகாளா என்பார்கள், நம் பழைய சோறேதான். மார்ச் 20ஆம் தேதியைப் பகாளா தினம் என்று கொண்டாடும் அளவுக்கு அதன் மேல் பிரியம். வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு பழையது சாப்பிடும் இரண்டு ஊர்க்காரர்கள், ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டு, அந்த விஷயம் தெரியாமலேயே வருடக்கணக்கில் இருக்க முடிகிறது.

அடுத்தது லீவு. "தீபாவளிக்குத்தானே லீவு விட்டோம், முடிஞ்சு ஒரு வாரம்கூட ஆகலை, மறுபடி என்ன லீவு?" என்று சூப்பர்வைசர் எரிந்து விழுவார். பிகார்க்காரருக்குத் தீபாவளிக்கு ஆறாம் நாள் வருகிற சட் பூஜைதான் பெரிது. நாலு நாள் விரதம், அதில் சுமார் 36 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஆற்றில் நின்று மறைகிற சூரியனையும் மறுநாள் உதிக்கிற சூரியனையும் கும்பிடுவார்கள். வீட்டில் அம்மா விரதம் இருக்கும்போது மகன் திருப்பூரில் உட்கார்ந்திருக்க மனசு வருமா? பொங்கலுக்கு லீவு இல்லை என்று நம்மிடம் யாராவது சொல்லிப் பார்க்கட்டும். இது தெரிந்த முதலாளி, தீபாவளி லீவைக் குறைத்து அங்கே நகர்த்திக்கொடுத்துவிட்டு ஷிப்மெண்ட் தேதியை முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்வார். தெரியாதவர், ஆள் சொல்லாமல் ஓடிவிட்டான் என்று திட்டிக்கொண்டிருப்பார்.

அப்புறம் மொழி. இந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என்று மூன்று படி உண்டு. நம் ஆட்கள் வேலை இடத்தில் காதால் கேட்டுப் பொறுக்கிக்கொண்ட இந்தி பெரும்பாலும் முதல் படியோடு நின்றுவிடும். "தூ இதர் ஆ" என்று ஐம்பது வயதுக்காரரைக் கூப்பிடுவார் இருபத்தைந்து வயது சூப்பர்வைசர். தமிழில் அதே வயதுக்காரரிடம் "அண்ணே, கொஞ்சம் இங்க வாங்க" என்று சொல்கிற அதே பையன்தான். கெட்ட எண்ணம் இல்லை, 'நீங்க' என்பதற்கு இந்தியில் என்ன என்று அவன் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் கேட்கிறவர் காதில் விழுவது என்னவோ 'டேய், இங்க வாடா'தான். இப்படிச் சின்னச் சின்னதாகச் சேர்ந்த கசப்பு எங்கே போய் நிற்கும்? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வாட்ஸப்பில் பரவியபோது பலர் பதறிப்போய் ஊருக்கு ரயில் ஏறினார்கள். பிகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது. வதந்தியைப் பரப்பியவர்கள் குற்றவாளிகள், சந்தேகமில்லை. ஆனாலும் பக்கத்து மெஷின்காரரிடம் "அண்ணே, இது நிஜமா?" என்று கேட்கிற அளவுக்குப் பழக்கம் இருந்திருந்தால் எத்தனை பேர் ரயில் ஏறாமல் இருந்திருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பானிய நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு வேறு மாதிரி ஒரு குழப்பம். மீட்டிங்கில் நல்ல யோசனை ஒன்றைத் திடீரென்று எழுந்து சொல்வார்கள், எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள், யோசனை அப்படியே செத்துப்போகும். ஜப்பானியர்கள் 'நெமாவாஷி' என்று ஒன்று சொல்வார்கள். மரத்தைப் பெயர்த்து வேறு இடத்தில் நடுவதற்கு முன்னால் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்துகிற வேலைக்கு அந்தப் பெயர். அலுவலகத்தில் அதன் பொருள், மீட்டிங்குக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசிச் சம்மதம் வாங்கிவிடுவது. மீட்டிங் என்பது முத்திரை குத்துகிற இடம். நமக்கு இது புரியாத விஷயமா? நிச்சயதார்த்த மேடையில், தாம்பூலம் மாற்றுகிற நேரத்தில், மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து "கல்யாணத்தை மதுரையில வச்சா என்ன?" என்று கேட்டால் எப்படி இருக்கும்! எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும் அது அங்கே கேட்கிற விஷயம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. 'அவங்க பண்பாடு அப்படி' என்பது சில பேருக்கு நல்ல போர்வை. ஊழியரை எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேசிவிட்டு 'நாங்க நேரடியா பேசறவங்க' என்பவர், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், வெறும் முரடர். புதிதாகச் சேர்ந்தவரிடம் "சொந்த ஊர் எது, ஊர்ல எந்தப் பக்கம், எந்தத் தெரு" என்று வரிசையாகத் தோண்டுகிற நம்மவர்களும் அதைப் பாசம் என்றுதான் சொல்வார்கள். எதற்காக அந்தத் தெரு வரைக்கும் போகிறார்கள் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பண்பாட்டைப் புரிந்துகொள்வது என்றால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்வது என்று யாராவது பாடம் எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்டால், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது: கேட்கிற கேள்வியை மாற்றுங்கள். "புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு "புரிஞ்சுது சார்" என்ற பதிலை நாம் ஒன்றாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம், அதில் தகவல் எதுவும் கிடையாது. "முடியுமா?" என்பதும் அதே ரகம். "முதல்ல எதை ஆரம்பிப்பீங்க?", "இதுல எந்த இடம் இழுக்கும்?", "புதன்கிழமைக்குள்ள எது வரைக்கும் வந்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள், முடியாது என்பவர் அந்தச் சொல்லைச் சொல்லாமலேயே உண்மையைச் சொல்லிவிடுவார். பதில் சொல்கிற இடத்தில் நாம் இருந்தால், 'முயற்சி செய்கிறோம்' என்பதோடு நிற்காமல் "வெள்ளி முடியாது, அடுத்த புதன் முடியும்" என்று தேதியைச் சேர்த்துச் சொல்லலாம். முதல் தடவை நாக்கு கூசும். எங்கள் டீம் லீட் அப்படிச் சொன்ன அன்றைக்கு மறுமுனையில் கோபமே வரவில்லை, "நன்றி, புதன் போதும்" என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. நாங்கள்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த மேனேஜர் மறு வருடம் சென்னை வந்தார், வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தேன். வரும் வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லி வைத்தேன்: வலது கையால் சாப்பிட வேண்டும், முதலில் சொல்கிற 'வேண்டாம்' எங்கள் ஊரில் செல்லாது, 'போதும்' என்ற வார்த்தையைக் கற்றுக்கொள்ளுங்கள். கெட்டிக்காரர், அழகாகச் சொன்னார். சாம்பார் சாதம் முடிந்ததும் "போதும்" என்றார், அம்மா ரசத்துக்குச் சோறு வைத்தார். "போதும்" என்றார், மோருக்கும் சோறு வந்தது. மூன்றாவது "போதும்"க்குக் கெஞ்சுகிற பார்வையோடு என் பக்கம் திரும்பினார். இலையை மடித்தால்தான் அம்மா நிறுத்துவார் என்று சொல்ல நான் மறந்தே போயிருந்தேன்.